வீட்டில் உறங்கி காரைக்குடியில் படிப்பவர்கள்

செட்டிநாட்டுக்காரர் ஒருவர் எழுப்பிய முதல் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கிறது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் அங்கே மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929இல் அது அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. மாணவர் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்று எண்ணி விடுதிகளோடு கட்டப்பட்ட பல்கலைக்கழகம் அது. கானாடுகாத்தான் பையனே அங்கே படிக்க விரும்பினாலும் டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏற வேண்டும். மதுரை அமெரிக்கன் கல்லூரி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி என்று எங்கே போனாலும் அதுதான் நிலை. கோட்டையூரில் பிறந்த இராம. அழகப்பச் செட்டியாரும் பள்ளிப் படிப்பைக் காரைக்குடியில் முடித்துவிட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்குத்தான் போனார். அவர் வீட்டில் வசதி இருந்தது, போக முடிந்தது. அடுத்த தெருவில் அதே மதிப்பெண் வாங்கிய பையன் கடைக்கணக்கு எழுதப் போனான்.

1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டம் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசும்போது, வெளி மாவட்டங்களில் கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் இருந்த அழகப்பர், காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். அடுத்த மாதமே, நாடு விடுதலை அடைந்த அதே ஆகஸ்டில், காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. கட்டடம் பிறகு வந்தது. மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தது, 1948இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டியது, 1952இல் பொறியியல் கல்லூரி வந்தது எல்லாம் பலமுறை எழுதப்பட்ட வரலாறு. என்னை எப்போதும் நிறுத்திவைப்பது அந்த முதல் வாக்குறுதிதான். அந்த ஒரு சொல்லால், வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய், சாயங்காலம் வீட்டுக்கே திரும்புகிற மாணவன் என்ற ஒரு புதிய பிறவி செட்டிநாட்டில் உண்டானது. இன்றைய பேச்சில் அவனுக்கு டே ஸ்காலர் என்று பெயர்.

முதல் முப்பது ஆண்டுகளின் டே ஸ்காலரைப் பெரும்பாலும் சைக்கிள்தான் கொண்டுவந்து சேர்த்தது. கோட்டையூர், கண்டனூர், அரியக்குடி, சாக்கோட்டை என்று மிதித்து வரக்கூடிய தூரம்தான் அவனுடைய உலகம். பள்ளத்தூர், குன்றக்குடி பையன்களிலும் கால்பலம் உள்ளவர்கள் மிதித்தே வந்தார்கள். அதற்கு அப்பால் இருந்தவர்கள் காரைக்குடியில் உறவினர் வீட்டில் தங்கினார்கள், அல்லது நாலைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்துப் பொங்கிச் சாப்பிட்டார்கள். சைக்கிளுக்கு நகராட்சி வில்லை வேண்டும், இருட்டினால் விளக்கு வேண்டும், இரண்டு பேர் ஏறினால் போலீஸ்காரர் இறக்கிவிடுவார். காலையில் காற்று எதிர்த்தால் பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் அவன் கையில் இருந்தன. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்டர்மீடியட் போனபிறகு அவன் சேர்ந்த முதல் வகுப்பு பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு. பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வந்த பதினாறு, பதினேழு வயதுப் பையன், ஒரே வருடத்தில் பள்ளியிலிருந்து பட்டப்படிப்புக்குத் தாவ வேண்டும். தமிழில் வரலாறும் கணக்கும் படித்தவனுக்கு ஒரு ஜூன் மாதக் காலையில் எல்லாமே ஆங்கிலத்தில் ஆரம்பிக்கும். எழுபதுகளில் காரைக்குடியில் பி.யு.சி. படித்த பெரியவர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இந்த மொழி அதிர்ச்சியைத்தான். இரண்டாவதாகச் சொல்வது கவனிக்க வேண்டியது. "ஆனா எங்களுக்கு டயம் இருந்துச்சு தம்பி. பரீட்சை மார்ச்லதானே" என்றார் ஒருவர். ஆண்டு முழுவதற்கும் ஒரே பல்கலைக்கழகத் தேர்வு. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதமும் ஒன்றும் புரியாமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்கூட, காலாண்டு விடுமுறையில் ஒருவரிடம் நோட்டு வாங்கி, அரையாண்டுக்குள் பாடத்தைப் பிடித்துவிட முடிந்தது. பி.யு.சி.யில் தோற்றவர்கள் ஏராளம். அதை மறைத்து அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் ஒரு புதிய இடத்தில் கால் ஊன்றிக்கொள்ள ஒன்பது மாதம் கிடைத்தது என்பது உண்மை.

1978இல் மேல்நிலைப் பள்ளி வந்தது, பி.யு.சி. மறைந்தது. மாணவன் கல்லூரிக்குள் நுழையும் வயது ஒன்று கூடியது. பல்கலைக்கழகமும் படிப்படியாக அருகில் வந்தது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகம், 1966க்குப் பிறகு மதுரை, 1985இல் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகம். கல்லூரியை அரசு ஏற்றதும் அது அழகப்பா அரசு கலைக் கல்லூரி ஆனது. 1985இல்தான் இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்து இன்றைய சிவகங்கை மாவட்டமும் உருவானது.

பஸ் இதற்குள் சைக்கிளின் இடத்தை எடுத்துக்கொண்டிருந்தது. எண்பதுகளில் காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம் ஓடியது. 1997இல் தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனபின், இன்று இது கும்பகோணம் கோட்டத்தின் காரைக்குடி மண்டலம். உள்ளூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் மாற்றங்களைவிட முக்கியமானது வேறொன்று. தார்ச்சாலை போன கிராமங்களுக்கெல்லாம் ஒரு டவுன் பஸ்ஸாவது போக ஆரம்பித்தது. கல்லூரியின் வட்டம் அந்தப் பஸ்ஸோடு சேர்ந்து விரிந்தது. தேவகோட்டை, திருப்பத்தூர், கல்லல், அறந்தாங்கிப் பக்கம், திருமயம் பக்கம் என்று நாலாபுறமிருந்தும் பிள்ளைகள் அன்றாடம் வந்து போகத் தொடங்கினார்கள்.

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரைக்குடிக்கு 1930இலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் தேவகோட்டை ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, தேவகோட்டை ரோடு என்ற பெயரோடு தள்ளி நிற்கிறது. அறந்தாங்கி, பட்டுக்கோட்டைப் பாதையில் மீட்டர்கேஜ் ரயில் நிறுத்தப்பட்டு, அகலப்பாதை முடிந்து 2018இல் திரும்ப ஓடும்வரை, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பல பேட்ச்சுகள் கல்லூரியில் சேர்ந்து முடித்து வெளியேறிவிட்டார்கள். பாதை மாற்றம் நல்லதுதான். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்ப்பவர் குறைவு.

இன்று காலை எட்டு மணிக்குக் காரைக்குடி பேருந்து நிலையத்தில் போய் நின்றால் மாற்றத்தின் அளவு தெரியும். இறங்குகிறவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப்புதல்வன் அதையே பையன்களுக்கும் தந்தது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021–22இல் 18 முதல் 23 வயதுவரை உள்ளோரில் உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் விகிதம் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். அந்த 47க்குள் இந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பலருடைய வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவர்தான்.

கட்டணம் ஒரு தடையாக இருந்த காலம் பெருமளவு போய்விட்டது. இதைச் செய்த ஆட்சிகள் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அழகப்பர் 1947இல் நினைத்தது இப்போதுதான் கடைசிக் குடிசைவரை எட்டியிருக்கிறது. ஆனால் முதல் செமஸ்டரில் ஒரு டே ஸ்காலர் பிள்ளையை அலைக்கழிப்பது காசு மட்டும் இல்லை. அவர்களோடு பேசிப் பார்த்தால் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பச் சொல்வது நேரத்தைத்தான்.

கல்லலுக்கு அந்தப் பக்கம், சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஐந்து மணிக்கு எழுகிறாள். தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, தனக்கும் தம்பிக்கும் டிபன் பாக்ஸில் புளிச்சோறோ தயிர்ச்சோறோ கட்டுகிறாள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் அவளை மெயின் ரோட்டு நிறுத்தம்வரை கொண்டுவருகிறது. அதை டீக்கடை ஓரத்தில் பூட்டிவிட்டு நிற்கிறாள். வருகிற முதல் பஸ் தனியார் பஸ், அதில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும். இரண்டாவது எக்ஸ்பிரஸ், நிற்காது. மூன்றாவதாக டவுன் பஸ் வரும்போது படிக்கட்டுவரை ஆள். கண்டக்டர் "உள்ள போம்மா, உள்ள போ" என்று சொல்லச் சொல்ல நசுங்கி நின்று காரைக்குடி வந்து, இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துக் கல்லூரி வாசலுக்கு வரும்போது முதல் மணி ஓடிக்கொண்டிருக்கிறது. சைக்கிள் பையனுக்கு இருந்த அந்த ஒன்று, புறப்படும் நேரம் தன் கையில் இருப்பது, இவளுக்கு இல்லை.

போவதற்கு ஒன்றரை மணி நேரம், வருவதற்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு மூன்று. ஒரு செமஸ்டருக்கு 90 வேலைநாள். மொத்தம் 270 மணி நேரம் சாலையில் போகிறது. நின்றுகொண்டே வரும் நேரம் அது, புத்தகம் விரிக்க முடியாத நேரம். அரசுக் கல்லூரிகளில் சேர்க்கை இப்போது இணையத்தில் விண்ணப்பம், தரவரிசை, கலந்தாய்வு, பிறகு மீதமுள்ள இடங்களுக்கு மறுபடி கலந்தாய்வு என்று நீளுகிறது. கடைசிச் சுற்றில் இடம் கிடைத்தவருக்கு அந்த 90 நாளிலும் பல நாள் கழிந்துவிடுகிறது. பள்ளிப் பாடத்திலிருந்து கல்லூரிப் பாடத்துக்குப் பாலமாக நடத்தும் பிரிட்ஜ் கோர்ஸ் முடிந்திருக்கும். முதல் இன்டர்னல் தேர்வு வந்து நிற்கும். நவம்பரில் செமஸ்டர் தேர்வு. பி.யு.சி. பையன் ஒன்றும் புரியாமல் பின்பெஞ்சில் கழித்த அந்த மூன்று மாதத்துக்குள், இவளுடைய இன்டர்னல் மதிப்பெண்ணின் தலைவிதி முடிவாகிவிடுகிறது. செமஸ்டர் முறை பாடத்தைச் சிறு சிறு பங்காகப் பிரித்துத் தந்ததில் நன்மை உண்டு. ஆனால் தடுமாறுவதற்கு அது இடம் விடவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடுகளில் இதைத்தான் நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன்.

இதில் வருகைப்பதிவு வேறு. 75 சதவீதம் வேண்டும். மணிக்கணக்கில் வருகை எடுக்கும் துறைகளில், பஸ் தாமதமாகி விடுபடும் முதல் மணிகள் ஐந்து சேர்ந்தால் ஒரு முழுநாள் போகிறது. சுழற்சி முறை உள்ள அரசுக் கல்லூரிகளில் காலைப் பிரிவுக்கு வரும் பிள்ளை இருட்டோடு எழ வேண்டும், மாலைப் பிரிவு பிள்ளை இருட்டிய பிறகு ஊர் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் மழை. கண்மாய் நிறைகிறதே என்று வீடு மகிழும் அதே வாரத்தில் மண்சாலையில் பஸ் உள்ளே வராமல் போகும். அக்டோபர் கடைசியில் மருதுபாண்டியர், தேவர் நினைவு நாட்களை ஒட்டிப் பல வழித்தடங்களில் பஸ் குறையும், சில பாதைகள் மாறும். மாடல் தேர்வு நடக்கும் நேரம் அது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எட்டே முக்காலுக்கு "இன்று முதல் இரண்டு மணி நேரம் வகுப்பு இல்லை" என்று செய்தி வருகிறது. விடுதிப் பிள்ளை திரும்பிப் படுத்துக்கொள்கிறது. ஏழு மணிக்கே பஸ் ஏறிவிட்ட பிள்ளை மரத்தடியில் உட்காருகிறது.

வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டிலிருந்து படிப்பது பாதுகாப்பு, செலவு குறைவு, அம்மா கைச் சோறு என்று எல்லோரும் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் கல்லூரி என்றால் என்ன என்று தெரியாத வீட்டுக்குத் தினமும் திரும்பிப் போவது எப்படியிருக்கும் என்று விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியாது. "என்னத்தா, பொழுது சாஞ்சு வர்ற? பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுருமே" என்று அப்பத்தா கேட்கிறாள். பிராக்டிக்கல் இருந்தது என்று விளக்கினால் அது அவளுக்குச் சாக்காகப் படுகிறது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, களை. மாட்டுக்குத் தீவனம் போட ஆள் வேண்டும். கல்லூரியில் இருந்து வந்துவிட்டதால் இன்றைய கல்லூரி முடிந்தது என்றுதான் வீடு எண்ணுகிறது. இரவு எட்டு மணிக்கு நோட்டைத் திறந்து உட்கார்ந்தால், அது ஒரு வேலை என்று ஏற்றுக்கொள்ள வீட்டுக்கு ஒரு வருடம் ஆகும். இதற்காக அந்த வீட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வீடுதான் தன் வேலையாள் ஒருவரைக் கல்லூரிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது.

அன்றைய சைக்கிள் பையனின் வீட்டில் பெரும்பாலும் யாராவது ஒருவருக்குக் கடிதம் எழுதி, கணக்குப் பார்த்து, வெளியூரில் வேலைபார்த்த அனுபவம் இருந்தது. பர்மா, மலேயா போய் வந்த மாமா ஒருவர் இருப்பார். "இன்டர்மீடியட் என்றால் என்ன" என்று அவருக்குத் தெரியும். இன்றைய முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த மாமா இல்லை. அலைடு என்றால் என்ன, அரியர் என்றால் என்ன, அரசின் நான் முதல்வன் திறன் வகுப்பு கட்டாயமா என்று கேட்பதற்கு வீட்டில் ஆள் கிடையாது. சீனியர் அக்காவைக் கேட்கலாம். சீனியர் அக்காவோடு பேச நேரம் வேண்டும். அந்த நேரம் சாயங்காலத்தில் இருக்கிறது.

கல்லூரியில் வகுப்பறைக்கு வெளியே நடப்பவை பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் நடக்கின்றன. நூலகத்தில் ஆற அமர உட்காருவது, ஆசிரியர் ஓய்வாக இருக்கும்போது போய்ச் சந்தேகம் கேட்பது, விளையாட்டு, நாடக ஒத்திகை, போட்டித் தேர்வுக் குழு, நட்பு. காரைக்குடியோ சாயங்காலத்துக்குப் பெயர் போன ஊர். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம், மணிமண்டபத்தில் நடக்கும் கூட்டங்கள், பங்குனியில் கம்பன் திருநாள். இந்த ஊரில் படித்த சைக்கிள் பையன்களில் எத்தனையோ பேர் தங்கள் தமிழை வகுப்பில் கொஞ்சமும் அந்தக் கூட்டங்களின் கடைசி வரிசையில் நிறையவும் கற்றார்கள். கூட்டம் முடிந்து ஒன்பது மணிக்கு மிதித்துக்கொண்டு வீடு போய்விடலாம். ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த மண்டபம் காலையில் பஸ் ஜன்னலில் கடந்துபோகும் ஒரு கட்டடம் மட்டுமே. கல்லூரி அவளுக்குக் கிடைத்திருக்கிறது, ஊர் கிடைக்கவில்லை.

வெளிநாடுகளிலும் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் ஆர்தர் சிக்கரிங் 1974இல் வீட்டிலிருந்து வருவோரையும் விடுதியில் தங்குவோரையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். ஏற்கெனவே வசதியில் முந்தியிருந்த பிள்ளைகள் விடுதியில் தங்கி மேலும் முந்திச் செல்வதையும், போய்வருகிற பிள்ளைகள் பின்தங்குவதையும் அது காட்டியது. 1989இல் பார்பரா ஜேக்கபி, இதைப் போய்வரும் மாணவரின் குறையாகப் பார்ப்பதை விடச் சொன்னார். விடுதி மாணவனை மனதில் வைத்தே கல்லூரிகள் தங்கள் நாளை வகுத்துக்கொள்கின்றன, மாற வேண்டியது அந்த ஏற்பாடு என்பது அவருடைய வாதம். நான் அவர் பக்கம். நம் கல்லூரிகளில் விடுதி மாணவரைவிடப் போய்வருவோர் பல மடங்கு. ஆனாலும் நேர அட்டவணையைப் போடும்போது பஸ் நேரப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டதாக ஒரு துறையையும் நான் கேள்விப்பட்டதில்லை.

2020இல் சேர்ந்த பேட்ச்சை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பெருந்தொற்றில் அவர்களுடைய முதல் செமஸ்டர் முழுவதும் கைபேசியில் போனது. 2021 தொடக்கத்தில் அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது. பஸ் இல்லை, தூரம் இல்லை, 270 மணி நேர இழப்பும் இல்லை. ஆனாலும் அந்த வருடத்துப் பிள்ளைகள் தொலைந்துபோனவர்களாகத்தான் இரண்டாம் ஆண்டுக்கு வந்தார்கள். ஆசிரியர் முகம் தெரியாது, பக்கத்தில் உட்காரும் பெண்ணின் ஊர் தெரியாது. டே ஸ்காலருக்கு எப்போதும் பாதியளவு குறைவாக இருப்பது அந்த வருடம் எல்லோருக்கும் முழுதாகவே இல்லாமல் போனது. நேரம் மிச்சமாவது மட்டும் போதாது, அந்த நேரம் கல்லூரிக்குள் மனிதர்களோடு கிடைக்க வேண்டும் என்பதை அந்த பேட்ச் நமக்குக் காட்டியிருக்கிறது.

யாரும் மேடையில் பேசாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். காலை ஆறரைக்குப் புறப்பட்டு மாலை ஆறரைக்குத் திரும்பும் பெண்களில் பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பேருந்து நிலையக் கழிப்பறைக்குப் போகக் கூச்சம், கல்லூரிக் கழிப்பறை போதாது அல்லது சுத்தமாக இல்லை. மாதவிடாய் நாட்களில் வகுப்புக்கே வருவதில்லை. 75 சதவீதக் கணக்கில் அந்த நாட்களும் கழிகின்றன. வகுப்பு இல்லாத மணிகளில் பெண்கள் உட்கார ஓர் அறை, ஒரு மின்விசிறி, குடிநீர், பூட்டிவைக்க ஒரு சின்ன அலமாரி. கோடிக்கணக்கில் கட்டடம் திறக்கும் நாட்டில் இதற்கு என்ன பெரிய செலவு? விடுதிப் பெண்ணுக்கு ஓர் அறை உண்டு என்று ஏற்றுக்கொண்ட நாம், போய்வரும் பெண்ணுக்குப் பகல் முழுவதும் நிற்க ஓர் இடம் வேண்டும் என்பதை ஏன் இன்னும் ஏற்கவில்லை?

செய்யக்கூடியவை இன்னும் இருக்கின்றன, எதுவும் பெரிய காரியம் இல்லை. முதல் செமஸ்டரில் முதல் மணியைக் கடினமான மேஜர் பாடத்துக்குக் கொடுக்காமல் இருக்கலாம். முதல் இன்டர்னலை மூன்று வாரம் தள்ளலாம். மதியத்தில் ஒரு மணி நேரத்தை எல்லாத் துறைகளுக்கும் பொதுவாகக் காலியாக விட்டு, சங்கக் கூட்டமும் சீனியர் சந்திப்பும் நூலக நேரமும் அந்த ஒரு மணியில் நடக்கும்படி செய்யலாம். அப்படிச் செய்தால் சாயங்காலத்தின் ஒரு துண்டாவது பஸ் பிள்ளைக்குக் கிடைக்கும். சேர்க்கையின்போதே யார் எந்த வழித்தடம் என்று குறித்துக்கொள்கிற கல்லூரி, அந்தப் பட்டியலோடு போக்குவரத்துக் கழகத்தின் காரைக்குடி மண்டல அலுவலகத்துக்குப் போய்க் காலையில் ஒரு நடையும் மாலையில் ஒரு நடையும் மாற்றிக் கேட்கலாம். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. இந்த ஊருக்குப் பெருமை சேர்த்த பிள்ளைகள் சாயங்காலம் ஆறரை மணிக்குமேல் கிராமத்துக்குத் திரும்ப ஒரு பஸ் கேட்பது நியாயமான கோரிக்கை.

ஜூனில் சேரப்போகிற பிள்ளைக்கும் சில சொல்ல இருக்கிறது. பஸ் பாஸ் விண்ணப்பம், வங்கிக் கணக்கு, அரசுப் பள்ளியில் படித்த சான்று, சாதிச் சான்று நகல்கள், இவற்றை முதல் வாரத்திலேயே ஒரு கோப்பில் சேர்த்துவிடுங்கள். அலுவலக ஜன்னலில் பிறகு நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு வகுப்பைத் தின்றுவிடும். எந்த ஊரிலிருந்து, எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று உங்கள் ட்யூட்டரிடம் முதல் மாதமே சொல்லிவிடுங்கள். சொல்லாத பிள்ளையின் தாமதம் அலட்சியமாகப் பதிவாகிறது, சொன்ன பிள்ளையின் தாமதத்துக்குக் காரணம் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். மதியச் சோற்றைத் தனியாகச் சாப்பிடாதீர்கள். டே ஸ்காலருக்கு நட்பு உண்டாகும் இடம் அந்த அரைமணி நேரம்தான். அதே பஸ்ஸில் வரும் இரண்டாம் ஆண்டு அக்காவையோ அண்ணனையோ பிடித்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டு, எந்த ஆசிரியர் எப்படி, எந்தத் தாளில் அரியர் விழும் என்ற எல்லாமே நின்றுகொண்டே வரும் அந்தப் பயணத்தில் கிடைத்துவிடும். வாரத்தில் ஒருநாள், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குத் தங்கி நூலகத்தில் உட்காருங்கள். அம்மாவையோ அப்பாவையோ ஒருநாள் கல்லூரிக்குக் கூட்டிவந்து வகுப்பறையையும் லேபையும் காட்டுங்கள். பார்த்துவிட்ட வீடு அதன்பிறகு கேட்கும் கேள்விகளே வேறாகிவிடும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் பெயர் கொடுங்கள். 1969இல் தொடங்கிய திட்டம் அது, ஏறக்குறைய எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. அதன் சிறப்பு முகாமில் ஏழு நாள் ஏதாவது ஒரு கிராமத்தில் எல்லோரும் ஒன்றாகத் தங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, சேர்ந்து சமைத்து, குளத்தங்கரையில் மண்வெட்டி பிடித்து, இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருக்கலாம். வீட்டில் அனுப்பத் தயங்கினால் திட்ட அலுவலரான ஆசிரியரையே அப்பாவிடம் பேசச் சொல்லுங்கள், பேசுவார்கள். கல்லூரியின் மூன்றாண்டில் உங்கள் வகுப்புத் தோழிகளோடு பஸ் நேரம் பார்க்காமல் இருக்கக் கிடைக்கும் நாட்கள் அவை. முகாம் பெரும்பாலும் இரண்டாம் செமஸ்டரில் வரும். பெயர்ப் பட்டியல் முதல் செமஸ்டரிலேயே நிரம்பிவிடும்.